ஈயத்தைக் கட்டிய நூல்

“கரையில நின்னு மீன் பிடிக்கணும். புதுசா ஆரம்பிக்கிறவனுக்கு எந்தத் தூண்டில் தோதுப்படும்?” என்று கேட்டார் கஸ்பார்.

தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சித்தாய் தலையைத் தூக்கவில்லை.

“யாரு ஆரம்பிக்கிறது?”

“நான்தான்.”

மிஷின் நின்றது.

நிற்காமல் என்ன செய்யும்? கேட்டவர் கஸ்பார் ஸ்ராங்கு. விசைப்படகை ஓட்டுகிறவரை அந்தக் கரையில் ஸ்ராங்கு என்பார்கள். மீசை முளைத்த காலத்திலிருந்து அது நரைத்த காலம்வரை கடலில் கிடந்த மனுஷன். கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் நடுக்கடலில் விட்டாலும், காற்று எந்தக் காதில் படுகிறது என்று பார்த்து ஊர் வந்து சேர்ந்துவிடுவார் என்று பேர். அப்பேர்ப்பட்டவர், முழங்காலுக்கு மேல் கடலில் நனையாத ஒரு தையல்காரியிடம் வந்து தூண்டில் கேட்கிறார்.

பேச்சித்தாய்க்கு நாற்பது வயசு இருக்கலாம். பேர்தான் பேச்சித்தாய், பேச்சு அளந்துதான் வரும். விடிந்தும் விடியாததுமாக அலைத்தடுப்புக் கல்லில் போய் நிற்பாள். வெயில் ஏறுமுன் குழம்புக்கு மீனோடு இறங்குவாள். அப்புறம் கடையைத் திறப்பாள். வெறுங்கையோடு அவள் இறங்கி யாரும் பார்த்ததில்லை. அவள் படகில் ஏறியும் யாரும் பார்த்ததில்லை.

கல்லில் நின்று தூண்டில் போடுவது வேலைவெட்டி இல்லாதவர்கள் காரியம் என்று படகுக்காரர்களுக்கு ஒரு நினைப்பு. கஸ்பாருக்கும் அந்த நினைப்புதான், போன மழைக்காலம் வரைக்கும்.

போன மழைக்காலத்தில்தான் அவருடைய வலது தோள் போனது.

கடலுக்கு அடியில் பாறைத் தொடர் கிடக்கும். பார் என்பார்கள். அந்தப் பாரில் வலை மாட்டிக்கொண்டது. படகு ஒரு பக்கமாகச் சரிந்தது. கயிற்றை வெட்டிவிடலாம் மாமா என்று வெட்டுக்கத்தியைக் கையில் எடுத்தான் லிகோரி. அவர் மகளைக் கட்டினவன், அதே படகில் வேலை பார்த்தவன். கஸ்பார் விடவில்லை.

“கத்தி கயித்துல பட்டுச்சுன்னா அடுத்தது உன் கையில படும்லே” என்றார்.

கயிறு முறுகியது, அதிர்ந்தது, சட்டென்று வழுக்கி ஓடியது. ஓடுகிற ஓட்டத்தில் அவர் கையையும் சுற்றி இழுத்துவிட்டுப் போனது.

வலையும் வரவில்லை.

இனிமேல் படகு என்கிற பேச்சே வேண்டாம் என்றார் டாக்டர். தோள் ஆறிக்கொண்டு வருகிறது என்று ஊரில் வந்து சொன்னார் கஸ்பார். எஞ்சின் சாவியை அரைஞாணில் கோத்து, வலைக்காரன் முடிச்சாகப் போட்டு இறுக்கிக்கொண்டார்.

தடைக்காலம் முடிந்து எல்லாப் படகும் கடலுக்குப் போய்விட்டது. அவருடையது மட்டும் கட்டின இடத்தில் கிடந்தது. சாவியைத் தாருங்கள், நான் ஓட்டுகிறேன் என்று லிகோரி கேட்டுப் பார்த்தான். பார் எங்கே கிடக்கிறதென்று உனக்கு என்ன தெரியும், கொண்டுபோய் வலையைத் தொலைத்துவிட்டு வருவாய் என்றுவிட்டார் மாமனார்.

அவன் கோபப்படவில்லை. ஊர்க் கோயிலில் மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. அந்தக் கொடி இறங்குகிறவரை பொறுத்திருப்பேன், இறங்கினதும் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கொச்சிக்குப் பஸ் ஏறிவிடுவேன், அங்கே யார் படகிலாவது வேலை கிடைக்கும் என்று சொன்னான். சொன்னால் செய்கிற ஆள்.

கஸ்பார் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கொடி இறங்குமுன் தோளைத் தேற்றிப் படகேறிக் காட்டிவிட வேண்டும். கல்லில் நின்று தூண்டிலை வீசி வீசிப் பழகினால் கை தானாக வழிக்கு வரும். அதற்குத்தான் தூண்டில்.

இவ்வளவும் பேச்சித்தாய்க்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

“எந்த மீனுக்கு?” என்று கேட்டாள்.

“எந்த மீனுன்னா? வர்ற மீனுக்கு.”

“வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி.”

மிஷின் திரும்ப ஓட ஆரம்பித்தது.

*

மறுநாள் அவரே டவுனுக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கடைக்காரன் சின்னத் தூண்டில் ராடுகளை எடுத்துப் போட்டானாம். இதை வைத்துக் காது குடையவா என்று கேட்டாராம். கடைசியில், சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த ஒன்றைக் காட்டி அதை இறக்கச் சொல்லியிருக்கிறார்.

அந்த ராடு தையல் கடைக்குள் நுழையவில்லை. நிலையில் சாய்த்து வைத்துவிட்டு வாசலில் நின்றார். பேச்சித்தாய் பார்த்தால் பிரமித்துப்போவாள் என்று ஓர் எண்ணம்.

அவளோ வேறு ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண், ரவிக்கையை விரித்துக் காட்டிச் சண்டைக்கு நின்றாள். குடத்தைத் தூக்கினேன், கக்கத்தில் பிரிந்துவிட்டது, இத்துப்போன நூலைப் போட்டுத் தைத்தாயா என்று.

“துணி கிழிஞ்சுதா?” என்று கேட்டாள் பேச்சித்தாய்.

“துணி கிழியல. தையல்தான் விட்டுப்போச்சு.”

“நூலுதான போச்சு” என்று வாங்கி, பேச்சு முடியுமுன் ஓட்டிக் கொடுத்துவிட்டாள்.

கஸ்பார் வாசலிலிருந்து அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். “என்கிட்ட தூண்டில் நரம்பு இருக்கு தாயி. அதால தைக்கச் சொல்லு. ஆயுசுக்கும் பிரியாது.”

“பிரியாது” என்றாள் பேச்சித்தாய். “கிழியும்.”

அந்தப் பெண் போன பிறகுதான் தூண்டில் பக்கம் திரும்பினாள்.

ரீல் தேங்காய்ப் பருமன் இருந்தது. நைலான் நரம்பு ஒரு காளைமாட்டை இழுத்து நிறுத்தும். முள்ளில் ஆட்டுத்தொடையைத் தொங்கவிடலாம்.

“சுறா வந்தாலும் தாங்கும்” என்றார் கஸ்பார்.

அவள் கத்தரியை எடுத்து அந்த நரம்பில் ஒரு சாண் வெட்டினாள். அதோடு ஒரு கை ஊசியையும் சேர்த்து நீட்டினாள்.

“கொக்கி வைக்கணும். இதைக் கோத்துக் குடுங்க.”

ஸ்ராங்கு வாங்கிக்கொண்டார். முடியாது என்று சொல்லிப் பழக்கம் இல்லாத ஆள். நுனியை நாக்கில் நனைத்தார். பல்லில் வைத்துக் கடித்தார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடினார்.

“ஊசி சரியில்லையோ?” என்றாள்.

“நரம்பு ரொம்ப மொத்தமா இருக்கு தாயி.”

“கிழங்கான் வாயும் அந்த ஊசிக்காது அளவுதான்.”

“கிழங்கானை இங்க யார் கேட்டா?”

கிழங்கான் கரையோரத்து மணலில் மேய்கிற சின்ன மீன். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் பெரிய கிழங்கான். காய்ச்சல்காரருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் குழம்பு வைக்கிற மீன். கஸ்பாரின் படகில் அது வலையில் வந்தால் ஒரு மூலைக்குத் தள்ளுவார்கள்.

“கரையில நிக்கிறவங்ககிட்ட அதுதான் தேடி வருது” என்றாள் பேச்சித்தாய். “சுறாவுக்கு முள்ளு போட்டா கிழங்கானை விடணும். கிழங்கானுக்குப் போட்டா சுறாவை விடணும். நீங்க எதை விடப்போறீங்க?”

வலைக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது? வலை எதையாவது விடுமா?

“எதையும் விட்டுப் பழக்கம் இல்ல.”

“தெரியும்” என்றாள். அவள் கண் அவர் தோளில் இருந்தது. “உள்ள வாங்க. நிலையில சாஞ்சு நில்லுங்க.”

கழுத்தில் தொங்கிய டேப்பைக் கையில் எடுத்தாள். சட்டைக்கு அளவெடுப்பதுபோலத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை அளந்தாள்.

“இடது கையைத் தூக்குங்க.”

தூக்கினார். உத்தரத்தைத் தொட்டது.

“வலது.”

“அது ஆறிக்கிட்டு வருது.”

“இன்னைக்கு அளவு போதும்.”

தெருவில் யாரும் வருகிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூக்கினார். கை நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. அதற்கு மேல் போகவில்லை. மீசையில் வேர்வை துளிர்த்தது.

பேச்சித்தாய் தையல் சாக்கட்டியை எடுத்து, விரல் நின்ற இடத்தில் நிலையில் ஒரு கோடு கிழித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. உச்சுக்கொட்டவும் இல்லை.

“கடலுக்கு அளவெடுத்து ராடு வாங்கியிருக்கீங்க” என்றாள். “அதைக் கடல்தான் பிடிக்கணும்.”

கதவுக்குப் பின்னால் இருந்த தன்னுடைய பழைய ராடை எடுத்துக் கொடுத்தாள். ஒல்லியாக, காற்றுக்கு ஆடுகிற மாதிரி ஒன்று. குட்டி ரீல். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த நரம்பு. நெல்மணி அளவில் முள். தூண்டிலைத் தண்ணீரில் இறக்கக் கொட்டைப்பாக்கு அளவில் ஈயம்.

கஸ்பார் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். பிள்ளைகள் விளையாட்டுச் சாமானா என்று கேட்க வாய்வரை வந்தது. நிலையில் இருந்த கோடு கண்ணில் பட்டது. கேட்கவில்லை.

*

விடிகிற நேரத்தில் இரண்டு பேரும் கல்லில் நின்றார்கள். கல்லும் மணலும் கலந்த இடம். அங்கிருந்து பார்த்தால் கோயில் கொடிமரம் தெரியும். கொடி படபடத்துக்கொண்டிருந்தது.

படகுகள் கல்லை ஒட்டித்தான் வெளியே போக வேண்டும். ஸ்ராங்கு மாமா, இரைக்கு எறும்பு பிடித்துத் தரவா என்று ஒருத்தன் கத்தினான். உன் படகில் நேற்று வந்ததைவிட எறும்பு கனமாகத்தான் இருக்கும், கொண்டுவா என்றார் இவர். படகே சிரித்தது. வாய்க்கு ஒன்றும் தோளில் அடிபடவில்லையே.

தூண்டில் கட்டுகிற விதம் இவ்வளவுதான். நரம்பின் நுனியில் ஈயம். ஒரு சாண் மேலே கிளை பிரிகிற மாதிரி ஒரு துண்டு நரம்பு, அதில் முள், முள்ளில் உரித்த இறால் துணுக்கு. ஈயத்தைக் கஸ்பாரே கட்டினார். வலைக்காரன் முடிச்சு. நனைத்து, மடக்கி, பல்லால் இழுத்து இறுக்கினார். அந்த முடிச்சு அவர் ஆயுளில் ஒரு தடவைகூட அவிழ்ந்ததில்லை.

தூரமாக எறியத்தான் பார்த்தார். கை எட்டின மட்டும்தான் போனது. அலை உடைந்து நுரை தள்ளுகிற இடத்தில், காலடியில் என்று சொல்கிற மாதிரி, ‘பொத்’தென்று விழுந்தது. வெட்கமாகப் போய்விட்டது. சுற்றி எடுக்கப் பார்த்தார்.

“அங்கயே கிடக்கட்டும்” என்றாள் பேச்சித்தாய்.

கிடந்தது. ராடின் நுனி இரண்டு தரம் தலையாட்டியது.

ஸ்ராங்குக்கு உள்ளங்காலில் இருந்து ஒரு சிலிர்ப்பு. ஆயிரம் மீனை வலையோடு கொட்டியிருக்கிறார். ஒரு மீன் தனியாக வந்து கதவைத் தட்டினது அதுதான் முதல் தடவை.

இழுத்தார். மீன் வந்தது. ஈயம் கல்லிடுக்கில் மாட்டியது.

மாட்டினால் ஸ்ராங்கு என்ன செய்வார்? காலை ஊன்றினார். இன்னும் இழுத்தார். நரம்பு விண்ணென்று கத்தி, ரீல் பக்கத்தில் அறுந்தது. நரம்பு, முள், முள்ளில் துடித்த மீன், ஈயம், எல்லாம் போனது.

“முடிச்சு அவிழல, பாத்தியா?” என்றார்.

“பாத்தேன்” என்றாள்.

வேறு நரம்பு ஓட்டி, வேறு முள் கட்டினாள். ஈயத்தைக் கட்ட வந்தபோது இடுப்பில் செருகியிருந்த தையல் நூல்கண்டை எடுத்தாள். ஒரு முழம் கடித்து அவரிடம் கொடுத்தாள்.

“ஈயத்தை மட்டும் இதுல கட்டுங்க.”

“இது அறுந்துருமே.”

“ஆமா.”

“அறுந்தா ஈயம் போயிருமே.”

“ஆமா. வேற என்ன போவும்?”

அவர் நூலை வாங்கினார். கட்டினார். அன்றைக்கு இன்னும் இரண்டு தூண்டில் போனது, நரம்போடும் முள்ளோடும்.

*

அடுத்த நாளும் போனது. அதற்கு அடுத்த நாளும் போனது.

பேச்சித்தாய் கல்லில் உட்கார்ந்து தன்னுடைய கிழங்கானைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஈயம் மாட்டியது. மாட்டினால் ராடை மெல்ல ஒரு நிமிர்த்து. ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். நரம்பு வந்துவிடும், மீன் வந்துவிடும், ஈயம் மட்டும் கடலோடு. இன்னொரு ஈயத்தைக் கட்டுவாள்.

அவருக்கு மட்டும் ஏன் அந்த நூல் அப்படி அறுபடவில்லை?

“எத்தனை இழை போட்டுக் கட்டுறீங்க?” என்று கேட்டாள்.

“ஒண்ணுதான்.”

அவள் நூல்கண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். “கண்டு அதுக்குள்ள மெலிஞ்சுபோச்சே அண்ணாச்சி.”

கஸ்பார் கடலைப் பார்த்தார். இரண்டு இழை போட்டிருந்தார். நேற்று மூன்று. அதோடு கோயில் மெழுகுதிரியை உருட்டி நூலில் மெழுகும் ஏற்றியிருந்தார். என்ன செய்வது, விரல் அதுவாகச் சுற்றிவிடுகிறது.

அகப்பட்டதும் ரோசம் வந்தது.

“ஒரு முடிச்சைத் தெரிஞ்சே எதுக்கு மட்டமாப் போடணும்? அதைச் சொல்லு முதல்ல. என் அப்பன் அப்படிச் சொல்லித் தரல.”

பேச்சித்தாய் இரை கோத்துக்கொண்டே கேட்டாள்.

“மாட்டுற அன்னைக்கு எதைக் கடலுக்குக் குடுப்பீங்க?”

“எதையும் குடுக்கமாட்டேன்.”

“அப்ப அதுவா எடுத்துக்கிடும்.”

கஸ்பாரின் இடது கை, அவர் சொல்லாமலே, வலது தோளில் போய் உட்கார்ந்தது.



*

தினமும் தையல் கடைப் பக்கம் போனார். நூல் வாங்க வந்தேன், இரை பற்றிக் கேட்க வந்தேன் என்று ஏதாவது சொல்வார். பேச்சித்தாய் துணிக்குக் குனிகிற நேரம் பார்த்து நிலையில் சாய்ந்து, வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொள்வார். அவள் குனிந்தே இருப்பாள், அவர் கையை இறக்குகிறவரைக்கும்.

கொடி இறங்குவதற்கு முந்தின நாள் போனபோது மிஷினில் ஒரு பெரிய பை கிடந்தது. வாரில் தையல் ஓடிக்கொண்டிருந்தது.

“யாரு பை?”

“லிகோரி குடுத்தாரு. வாரு விட்டுப்போச்சாம்.”

“எங்க போறானாம்?”

“பைக்கு எங்க தெரியும்?”

கஸ்பார் அந்தப் பையைச் சுற்றி வந்தார். சாவகாசமாகத் தைத்து நாளை மறுநாள் கொடுத்தால் போதுமே என்று சொல்லிப் பார்த்தார். இன்றைக்கு ராத்திரியே வாங்கிக்கொள்ள வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றாள் அவள். வேறு வழி தெரியாமல் குறை கண்டுபிடித்தார்.

“இதுக்கு மட்டும் தடிச்ச நூல் போடுறியே. எனக்குத்தான் இத்த நூலா?”

“பையை யாரும் கல்லுக்குள்ள எறியப்போறதில்லையே.”

அவர் நிலையில் போய்ச் சாய்ந்தார். இந்தத் தரம் அவள் குனியக் காத்திருக்கவில்லை. அவள் பார்க்கவே கையைத் தூக்கினார். மூச்சை அடக்கித் தூக்கினார். விரல் சாக்கட்டிக் கோட்டில் வந்து நின்றது. கோட்டுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. முதல் நாள் எங்கேயோ அங்கே.

“இதை அழிச்சுருவேன்” என்றார்.

“அழிங்க. சாக்கட்டிதானே.”

அழிக்கவில்லை.

வீட்டுக்குப் போனார். மகள் சோறு போட்டுவிட்டு, பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா முகத்தை அவள் பார்க்கவில்லை. சட்டியும் கரண்டியும் உள்ளே போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர் சாப்பிட்டார்.

*

மறுநாள் காலை கல்லில் காற்று குறைவாக இருந்தது. திருவிழாக் கடைசி நாள், படகு எதுவும் போகவில்லை. கோயிலில் பூசைக்கு மணி அடித்தது. பூசை முடிந்ததும் கொடி இறங்கும்.

பேச்சித்தாய் நூல்கண்டை நீட்டினாள். கஸ்பார் ஒரு முழம் கடித்து எடுத்தார்.

ஈயத்தின் கண்ணில் நூலைக் கோத்தார். விரல் இரண்டாவது சுற்றுக்குப் போனது. நிறுத்தினார். திரும்பப் போனது. திரும்ப நிறுத்தினார். ஒரே இழை, ஒரே சுற்று, ஒரே முடிச்சு. பால்குடிப் பிள்ளை கட்டின மாதிரி இருந்தது பார்க்க. அவருக்கே கூச்சமாக இருந்தது.

கை ஏறின மட்டும் ஏற்றி எறிந்தார். நுரைக்குள் விழுந்தது. கிடக்கட்டும் என்று விட்டார்.

ராடு நுனி தலையாட்டியது.

நிமிர்த்தினார். மீன் ஒட்டிக்கொண்டது. இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் ஈயம் கல்லில் மாட்டியது.

கால் அதுவாக ஊன்றியது. தோளும் முதுகும் அதுவாக இறுகியது. பேச்சித்தாய் அவரைப் பார்க்காமல் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கஸ்பார் காலைத் தளர்த்தினார். ராடை மெல்ல உயர்த்தினார், நெஞ்சு உயரத்துக்கு. அவர் கை ஏறுகிற உயரம் அவ்வளவுதான்.

‘டிக்’ என்றது.

எல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்தார். நரம்பு கையில் இருந்தது. சுற்றினார். நுரையைக் கிழித்துக்கொண்டு ஒரு கிழங்கான், வெள்ளிக்காசை நீட்டி இழுத்த மாதிரி, சுழன்று சுழன்று வந்தது.

முள்ளிலிருந்து அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

“ஈயம் போயிருச்சு” என்றார்.

“ஆமா.”

“அது மட்டும்தான் போயிருக்கு.”

பேச்சித்தாய் பைக்குள் கைவிட்டு, வேறு ஒரு ஈயத்தை எடுத்து நீட்டினாள்.

கஸ்பார் அதை வாங்கவில்லை. கொடிமரத்தைப் பார்த்தார். கொடி பாதிவரை இறங்கியிருந்தது.

“இதைக் கொஞ்சம் பிடி தாயி” என்று ராடை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கல்லில் இறங்க ஆரம்பித்தார். மீனைக் கொடுக்க மறந்துபோனார்.

*

பஸ் நிற்கிற இடம் கோயிலுக்கு எதிரே. வெள்ளையும் சொள்ளையுமாக நின்ற கூட்டத்துக்குள், நனைந்த கைலியோடு, கையில் ஒற்றைக் கிழங்கானோடு வந்தார் ஸ்ராங்கு. வழிவிட்டார்கள். எத்தனையோ சுறாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வந்த வழிதான் அது.

லிகோரி பையைத் தோளில் மாட்டியிருந்தான். வாரில் புதுத்தையல் தெரிந்தது. பக்கத்தில் மகள். காலடியில் சாக்கு.

கஸ்பார் மீனை மகளிடம் நீட்டினார்.

“சட்டியை எந்தச் சாக்குல கட்டியிருக்கே?”

அவள் அப்பாவைப் பார்த்தாள். மீனைப் பார்த்தாள். கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

அவர் சட்டையைத் தூக்கி அரைஞாணைப் பிடித்தார். சாவி அங்கே இருந்தது. முடிச்சை நெம்பினார். இடது கையால் நெம்பினார், வலது கையால் நெம்பினார். உப்பும் வேர்வையும் ஊறி அது கல்லாகிக் கிடந்தது. தான் போட்ட முடிச்சு, ஒருநாளும் அவிழாத முடிச்சு.

கூட்டத்தில் ஒருத்தர் சிரித்தார். கஸ்பாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“கத்தி வச்சிருக்கியாலே?” என்று கேட்டார்.

லிகோரி இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். எடுத்தவன் நின்றுவிட்டான். கத்தியும் கயிறும் மாமாவுமாக நின்ற இன்னொரு நாள் அவனுக்கு மறந்திருக்குமா?

“வெட்டு” என்றார் கஸ்பார்.

வெட்டினான். சாவி அவன் உள்ளங்கையில் விழுந்தது. அவருடைய உடம்புச் சூடு அதில் இருந்தது.

பஸ் வந்து நின்றது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். லிகோரி நகரவில்லை. சாவியை ஒரு கையிலும் கத்தியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, கேட்கலாமா வேண்டாமா என்று நின்றான். பிறகு கேட்டுவிட்டான்.

“பாருல வலை மாட்டிச்சுன்னா மாமா?”

“வெட்டிட்டு வீட்டுக்கு வா மக்கா.”